தப்பும் கிற்றாரும்

தமிழிலே 'பறை' என்னுஞ் சொல் இருபொருள் தருவது. தோலாற் போர்த்த கருவிக்கும் அது பெயர். சொல்லுதல் என்னுந் தொழிலுக்கும் அதுவே பெயர். யாழ்ப்பாணத்தார் பேச்சு வழக்கிலே பறைதல் என்றால் பேசுதல் என்றே பொருள். மலையாள நாட்டாரும் 'பறயுக' என்று அப்பொருளிலேயே வழங்குவர். எனவே நம் முன்னோர் பறையை வெறும் ஓசைக் கருவியாகக் கொண்டாரல்லர். செய்தி சொல்லும் வாயாகக் கொண்டனர் என்பது போதரும்.

நம் மலையகத் தோட்டங்களிலே அக்கருவிக்குத் தப்பு என்று பெயர். 'தப்பு என்றால் பிழையன்றோ ஐயா?' என்று மாணவர் வகுப்பிலே நகைப்பதுண்டு. தப்புதல் என்பதற்கு அடித்தல் என்றும் பொருளுண்டு. துணியைக் கல்லில் அடித்து வெளுப்பதைத் தப்புதல் என்று சொல்லும் வழக்கை அம்மாணவர் தம் பாட்டிமாரிடமே கேட்டறியலாம். அடித்து முழக்கப்படுவது ஆதலின் அது தப்பு. பெயரிலே பிழையில்லை. அதனை அடிப்பவனை நாம் நிறுத்திவைத்த இடத்திலேதான் பிழை.

அந்தக் கருவி இக்காலத்திலே 'றொக்' எனப்படும் மேனாட்டு இசைக்குழுவின் நடுவே வந்து நின்றுவிட்டது. மின்சாரக் கிற்றாருக்கும் மேனாட்டுப் பெருமுரசுகளுக்கும் இடையே நின்று, அவற்றுக்குத் துணையாக அன்றித் தலைமையாக முழங்குகின்றது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது, இதனால் நமக்கு ஆவது யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். றொக் இசையா, அது வெறும் கூச்சலன்றோ என்று முகஞ்சுளிக்கும் தமிழாசிரியப் பெருமக்கள் சற்றே பொறுத்தருள்க. அவ்விசையின் பிறப்பிடம் யாதெனின், அதுவும் ஒரு தோட்டமே.

பருத்தித் தோட்டத்துப் பாட்டு

வட அமெரிக்காவின் தென்பகுதியிலே பருத்தியும் நெல்லும் விளைந்த பெருந்தோட்டங்களுக்கு ஆபிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1739ஆம் ஆண்டிலே தென் கரோலினாவில் ஸ்ரோனோ என்னும் ஆற்றங்கரையில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, முரசறைந்து ஆள் திரட்டினர். அதைக் கண்டு அஞ்சிய ஆட்சியாளர் 1740ஆம் ஆண்டிற் கொண்டுவந்த சட்டத்திலே அடிமைகள் முரசு வைத்திருப்பதையே தடைசெய்தனர். முரசு பேசும் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். கருவி பறிபோன பின்னர் அம்மக்கள் கைதட்டியும் காலால் தரையை உதைத்தும் தாளத்தைக் காத்தனர். அடிமைமுறை ஒழிந்த பின்னரும் பருத்திக் காட்டை விட்டு நீங்கமாட்டாது உழன்ற அவர்தம் துயரம் 'புளூஸ்' என்னும் பாட்டாக வடிவெடுத்தது.

மடி வாட்டர்ஸ் என்று பின்னர்ப் புகழ்பெற்ற பாடகர் மிசிசிப்பி மாநிலத்திலே ஸ்ரோவல் என்னும் தோட்டத்திற் கூலியாளாக இருந்தவர். 1941ஆம் ஆண்டிலே நாட்டுப்பாடல் தேடி வந்த அலன் லோமக்ஸ் அவருடைய பாட்டை அத்தோட்டத்திலேயே ஒலிப்பதிவு செய்தார். 1943ஆம் ஆண்டில் அவர் சிக்காகோ நகருக்குச் சென்றார். நகரத்து விடுதிகளின் இரைச்சலில் மரக்கிற்றாரின் மெல்லொலி எடுபடவில்லை. ஆதலால் மின்சாரக் கிற்றாரை ஏந்தினார். தோட்டத்துப் புலம்பல் மின்சாரத்தைத் தீண்டிய அந்த இடமே பின்வந்த றொக் இசைக்கு ஊற்றுக்கண் ஆயிற்று. இங்கிலாந்திலே தோன்றிய 'றோலிங் ஸ்ரோன்ஸ்' என்னும் பெருங்குழு தனது பெயரையே அவருடைய பாட்டொன்றிலிருந்து எடுத்துக்கொண்டது.

இவ்விசை 'வன்றொக்' என்று சொல்லத்தக்க கடுமையை எய்தியது ஆலைத் தொழிலாளர் கையில். பேர்மிங்காம் என்னும் தொழில் நகரத்திலே 1968ஆம் ஆண்டில் நான்கு ஏழை இளைஞர் ஒன்றுகூடி அமைத்த குழுவே 'பிளக் சபத்'. அதன் கிற்றார்க் கலைஞர் ரொனி அயோமி உலோகத் தகட்டு ஆலையொன்றில் வேலை செய்தவர். பதினேழாம் வயதில் பொறியிற் சிக்கி இரு விரல்களின் நுனிகளை இழந்தார். இடக்கையாற் கருவியை மீட்டுபவர் ஆதலின், நரம்பை அழுத்தும் வலக்கை விரல்களே போயின. அவர் மனந்தளரவில்லை, ஞெகிழிக் குப்பியை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். நரம்பின் இறுக்கம் விரலை வருத்தியமையால் அதனைத் தளர்த்தினார். 1971ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களுடைய மூன்றாவது இசைத்தட்டிலே பல பாட்டுக்களுக்கு நரம்புகள் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கப்பட்டன. தளர்ந்த நரம்பிலிருந்து எழுந்த அந்தக் கனத்த, இருண்ட முழக்கமே உலகெங்கும் பரவிற்று. ஓர் ஊனத்தை ஆற்ற எழுந்த உபாயம் ஒரு புதிய ஒலிக்கே தாயாயிற்று. அக்குழுவின் நால்வரும் 2025ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி தம் பிறந்த நகரிலேயே விடையிறுதிக் கச்சேரி நிகழ்த்தினர். அதன்பின் மூன்று கிழமைகள் கழியுமுன் அதன் பாடகர் ஒசி ஒஸ்போர்ன் மறைந்தார்.

பருத்தித் தோட்டமும் தகட்டு ஆலையும் பெற்ற பிள்ளையே வன்றொக் என்பது இதனாற் பெறப்படும். உழைப்போன் தன்னை அமுக்கும் ஓசையினும் உரத்த ஓசையை எழுப்ப விழைந்தான், அவ்வளவே.

நம் தோட்டத்துத் தப்பு

இனி நம் மலைகளுக்கு வருவோம். 1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியதன் பின்னர் தமிழகத்திலிருந்து வந்த மக்களோடு தப்பும் வந்தது. 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக நட்டபின்னரும், 1869ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின்னரும் அது நிலைத்தது. அமெரிக்கத் தோட்ட முதலாளி முரசைத் தடைசெய்தான்; நம் நாட்டுத் துரையோ அதனை வேலைக்கமர்த்தினான். விடியுமுன் லயங்களைத் துயிலெழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு மக்களை அழைத்தது தப்பின் ஓசையே. பிரட்டு என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றி, சக்தீ பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய காவியம் தொடங்குவதும் விடியலும் முரசொலியும் கலந்த காட்சியோடுதான் என்பதை இலக்கிய அன்பர் அறிவர்.

ஆனால் தப்பு துரைக்கு மட்டும் ஊழியஞ் செய்ததன்று. மாசி மாதத்திலே காமன் கூத்து நிகழும்போது இரதிக்கும் மதனுக்கும் ஆட்டம் பிறப்பது தப்பிலே. பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் ஆடப்படும் களங்களிலும் அதற்கு இடமுண்டு. மாரியம்மன் திருவிழாவிலே சாமி அழைப்பதற்கு ஓர் அடி. இறந்தார் வீட்டிலே துயரை அறிவிப்பதற்கு வேறோர் அடி. பக்கத்து மலையில் நிற்கும் ஒருவர் அடியின் வேற்றுமையைக் கொண்டே நிகழ்ந்தது நன்மையா தீமையா என உணர்ந்துகொள்வர். பறைதல் என்பதன் பொருள் இங்கே கண்கூடு.

கருவியின் அமைப்பும் எளியதே. மரவளையத்தின் ஒருபுறத்தே தோலை இழுத்துக் கட்டுவர். ஒரு கையில் தடித்த குறுங்குச்சி. மறுகையில் மெலிந்த நெடுங்குச்சி. முன்னது அடியின் கனத்தைத் தரும். பின்னது அதன் இடைவெளிகளை நிரப்பும். மலைநாட்டுக் குளிரிலும் பனியிலும் தோல் நெகிழ்ந்துவிடும். ஆதலால் வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, அந்தத் தீயிலே காய்ச்சித் தோலை இறுகச் செய்வர். அயோமி நரம்பைத் தளர்த்திக் கனத்த ஒலியைக் கண்டார். நம்மவர் தோலைத் தீயில் இறுக்கிக் கூரிய ஒலியைக் கண்டனர். வழி வேறு, தன் ஒலியைத் தானே தேடிக்கொள்ளும் முயற்சி ஒன்றே.

சாதியற்றோர் குழு

2018ஆம் ஆண்டு சனவரி 6ஆந் திகதி சென்னையிலே கீழ்ப்பாக்கத்தில் ஒரு குழு முதன்முதலாக மேடையேறிற்று. 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்பது அதன் பெயர்; சாதியற்றோர் குழு என்று தமிழிற் சொல்லலாம். திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மா என்னும் இசையமைப்பாளரும் சேர்ந்து அதனை உருவாக்கினர். தொடக்கத்திலே பத்தொன்பதின்மர் அதில் இருந்தனர். பெரும்பாலோர் வடசென்னைச் சேரிகளிலே கானாப் பாடியும் சாவுவீடுகளிற் கருவி இசைத்தும் வளர்ந்த இளைஞர்.

இப்பெயரின் மூலத்தைப் பண்டிதர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். சித்த மருத்துவரும் தமிழறிஞரும் 1907ஆம் ஆண்டிலே 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கியவருமாகிய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), ஒடுக்கப்பட்ட தம் மக்களைச் சாதியற்ற தமிழர் என்று குறித்தார். அச்சொல்லினின்றே குழுவின் பெயர் பிறந்தது. அவர் 1898ஆம் ஆண்டிலே ஒல்கொற் என்பாரோடு இலங்கைக்கு வந்து, கொழும்பிலே சுமங்கல தேரரிடம் பௌத்த தீக்கை பெற்றுச் சென்றவர். எனவே இக்குழுவின் பெயருக்கு மூலமானவரின் வாழ்க்கையிலே நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு.

குழுவின் ஒலி எத்தன்மைத்து? கானா என்பது வடசென்னையிலே இறந்தார்க்கு இரங்கிப் பாடும் பாட்டாகவும் நகையாட்டுப் பாட்டாகவும் வளர்ந்த ஒருவகை. அதற்குத் துணையாகும் பறை, சட்டி, கட்டைமேளம் ஆகியவற்றை ஒருபுறமும், மின்சாரக் கிற்றார், தாழ்சுரக் கிற்றார், மேனாட்டு முரசுத்தொகுதி ஆகியவற்றை மறுபுறமும் நிறுத்தினர். இடையே விரைந்து சொல்லடுக்கும் 'றப்' என்னும் முறையையும் புகுத்தினர். இவ்வாறு வெவ்வேறு கருவிகளைக் கூட்டுவோர் பலர். அவர்கள் பெரும்பாலும் நாட்டுக் கருவியைச் சோற்றுக்கு ஊறுகாய் போல ஓரத்தே வைப்பர். இக்குழுவிலோ பறையின் நடைக்குக் கிற்றார் இசைந்து செல்கின்றது. பாட்டின் பொருளும் காதலும் நிலவும் அன்று. இடஒதுக்கீடு, சேரி அகற்றல், கையால் மலமள்ளும் கொடுமை, உணவின்மேற் சாதி பார்த்தல் என்பனவே. பழைய கானாவிலிருந்த நகைச்சுவையை விட்டுவிடாமலே இவற்றைப் பாடியமையால், கேட்போர் முதலிற் சிரித்துப் பின்னர்த் திடுக்கிடுகின்றனர்.

இத்தகைய முயற்சி நமக்குப் புதிதன்று. 1930களிலே கோ. நடேசையர் ஹற்றனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடத்தியபோது, அவர்தம் மனைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிலே பாடித்தான் மக்களைத் திரட்டினார். மக்கள் அறிந்த மெட்டிலே மக்கள் அறியாத உரிமையைச் சொல்லுதல் அவர் கைக்கொண்ட நெறி. அந்நெறிக்கு இக்குழுவினர் மின்சாரம் ஊட்டினர் எனலாம்.

ஒலி மாறிய வரலாறு

பத்தொன்பதின்மர் சேர்ந்த குழு ஒரே வழியில் நெடுநாட் செல்லுதல் அரிது. குழுவின் ஒலி கிளைத்துப் பல திசைகளிற் சென்றது. ஆடவரே பாடிவந்த கானாவை இசைவாணி என்னும் பெண் இக்குழுவின் மேடையிலே பாடினார். தாளம் மாறவில்லை, குரல் மாறியதும் பாட்டின் பொருளே மாறிற்று. 2020ஆம் ஆண்டிலே பிபிசி நிறுவனம் உலகின் நூறு பெண்மணிகளுள் ஒருவராக அவரைத் தேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலே நீலம் அமைப்பினர் 'மார்கழியில் மக்களிசை' என்னும் விழாவைத் தொடங்கினர். சென்னைச் சபாக்களிலே செவ்விசை நிறைந்திருக்கும் அதே மார்கழியிலே பறைக்கும் ஒப்பாரிக்கும் ஒரு மேடை கிட்டிற்று. டென்மா திரைப்படத்துக்குச் சென்று 2022ஆம் ஆண்டில் வெளிவந்த 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கு இசையமைத்தார்.

குழுவின் சொல்லாற்றலுக்கு உரியவருள் முதன்மையானவர் அறிவு என்னும் கவிஞர். 2019ஆம் ஆண்டிலே 'தெருக்குரல்' என்னும் இசைத்தொகுப்பை வேறொருவருடன் சேர்ந்து வெளியிட்டார். அதிலே கிற்றார் பின்னே செல்ல, சொல் முன்னே வந்து நின்றது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் தீ என்னும் பாடகியும் அறிவும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' வெளிவந்தது. இது காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பாட்டன்று. எனினும் அக்குழுவிலே முதிர்ந்த குரலின் விளைவு. அதிலே றொக்கின் வன்மை அடங்கி, ஒப்பாரியின் நீட்சி மேலோங்கிற்று.

அப்பாட்டு எவர் கதை? நம் கதை. அறிவின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துப் பின்னர்த் தமிழகத்துக்குத் திரும்பியவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974ஆம் ஆண்டிலேதான் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகுக்கப்பட்டது. மரம் நட்டவர் நிழலுக்கு உரியவராகவில்லை என்னும் அத்துயரத்தை உலகெங்குமுள்ள இளைஞர் ஆடிக்கொண்டே கேட்டனர். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் ஓட்டோக்களிலே அப்பாட்டு ஒலித்தபோது, அது தம் கொள்ளுப்பாட்டியர் கதை என்று நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு நாம் சொல்லிக் கொடுத்தோம்?

அப்பாட்டின் வெற்றியிலும் ஒரு கசப்புண்டு. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்திலே இந்தியாவில் வெளிவரும் இசை இதழொன்று அப்பாட்டையும் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படத்தின் பாட்டொன்றையும் சிறப்பித்து அட்டைப்படம் இட்டபோது, அவ்விரண்டையும் எழுதிய அறிவின் உருவம் அதில் இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கண்டித்தனர். பின்னர் அறிவின் உருவத்தோடு அவ்விதழ் வேறோர் அட்டை வெளியிட்டது. பறையடித்தவனை முற்றத்திலே நிறுத்திவிட்டுப் பறையின் ஓசையை மட்டும் உள்ளே அழைக்கும் பழைய வழக்கம் புதிய உடையிலும் வரும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. 2024ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார். யாருடைய பேரன் என்று சொல்லுவதே அதற்கு விடை போலும்.

இரு தடைகள்

இவ்விசையின்மேற் சொல்லப்படும் தடைகள் இரண்டு. முதலாவது, இது கூச்சல் என்பது. இசைக்கு இனிமை ஒன்றே இலக்கணம் எனக் கொள்வார் கூற்று அது. தொல்காப்பியர் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லுமிடத்து யாழோடு பறையையும் வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர் வகுத்தனர். ஏறு தழுவும் களத்திலே மெல்லொலி எதற்குதவும்? தொழிலுக்கும் நிலத்துக்கும் ஏற்ற ஓசையே அங்கு இனிமை. எனினும் இவர்தம் பாட்டுக்கள் எல்லாம் ஒருதரத்தன என்று கூறோம். சிலவற்றிலே கொள்கை முழக்கம் மிகுந்து கவிதை மெலிகின்றது. பாட்டு துண்டுப்பிரசுரம் ஆகுமிடத்து அடிப்பவன் கை சலிக்காவிடினும் கேட்பவன் செவி சலிக்கும்.

இரண்டாவது தடை கனமானது, எதிர்தரப்பினின்று வருவது. எங்கள் பாட்டனைச் சாவுக்கும் பிரட்டுக்கும் அடிக்கச் சொல்லி இழிவுபடுத்திய கருவி இது, இதனை நாங்கள் ஏன் தொடவேண்டும் என்று மலையக இளைஞர் பலர் வினவுகின்றனர். அவ்வினாவின் நியாயத்தை எவரும் மறுக்கவொண்ணாது. ஒரு சாதியார்மேற் கடமையாகச் சுமத்தப்பட்டதைக் கலை என்று பெயர் மாற்றி, நீங்களே தொடர்ந்து சுமந்துகொள்ளுங்கள் என்று பிறர் உபதேசித்தல் அறமாகாது. இழவு வீட்டுக்கு அழைக்கப்பட்டு, புறத்தே நிறுத்தப்பட்டு, தனிக் குவளையிலே தேநீர் பெற்றவனின் பேரன் அக்குச்சியை முறித்தெறிந்தால், அவனைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை.

ஆயினும் வேறொரு வழியும் உண்டென்று சென்னை இளைஞர் காட்டியுள்ளனர். அவர்கள் பறையை விட்டுவிடவில்லை. பறையின்மேல் இருந்த கட்டளையை விட்டனர். சாவுக்கு அழைத்தால் வந்தே தீரவேண்டும் என்பதை விட்டு, தாம் விரும்பிய மேடையிலே, தம் பெயரோடு, தாம் எழுதிய சொல்லுக்கு அடித்தனர். புறநானூற்றிலே மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கைச் சிறந்த குடிகளாக வைத்துப் பாடியதை நாம் வகுப்பிலே பொருள்கூறி நடத்துகின்றோம். பாடம் முடிந்ததும் அச்சொற்களுள் ஒன்றை வசையாக வழங்கும் ஊருக்குத் திரும்புகின்றோம். இம்முரண்பாட்டை நூலாற் போக்க நம்மால் இயலவில்லை. ஓர் இசைக்குழு ஓரளவு போக்கிற்று.

செய்யத்தக்கது

மலையகப் பாடசாலைகளிலே மேனாட்டு வாத்தியக் குழுக்கள் உண்டு. விளையாட்டுப் போட்டியன்று பிள்ளைகள் சீருடையணிந்து பெருமுரசு அறைந்து அணிவகுப்பர். அம்முரசும் தோலே, தப்பும் தோலே. ஒன்றைத் தோளில் மாட்டினாற் பெருமை, மற்றொன்றை மாட்டினாற் சிறுமை என்று பிள்ளைக்குக் கற்பித்தவர் யார்? எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒருங்கே நின்று கற்கும்படியாகத் தப்பு பாடசாலைக்குள் வருதல் வேண்டும். ஒரு குடும்பத்தார் மட்டும் அடிக்கும்வரை அது கடமை. எல்லாரும் கற்கும்போது அது கலை. கற்பிக்க வருபவர் அதனை அறிந்த முதியவராயிருத்தல் வேண்டும். அவருக்கு ஆசிரியருக்குரிய நாற்காலியும் ஊதியமும் தரப்படல் வேண்டும். காமன் கூத்தின் அடிகளையும் சாமி அடிகளையும் சாவு அடிகளையும் அவர் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்து, அடித்தவர் பெயரோடு சேமித்தல் இலக்கிய வட்டத்தார் மேற்கொள்ளத்தக்க பணி. பெயரின்றிச் சேமித்தால் அட்டைப்படத்திலே நேர்ந்த பிழையை நாமும் செய்தவராவோம்.

அதன்பின் நம் இளைஞர் கிற்றாரை எடுப்பரோ, தப்பை எடுப்பரோ, இரண்டையும் சேர்ப்பரோ, அஃது அவர் விருப்பம். பருத்திக் காட்டுப் பாடல் உலகின் இசையாயிற்று. வடசென்னைச் சேரியின் ஓசை அரங்கேறிற்று. தேயிலை மலையின் ஓசை பிறர் பாட்டிலே ஒரு நினைவாக மட்டும் வாழாமல் தன் வாயால் தானே பறைய வேண்டுமாயின், அதற்குரிய பயிற்சியையும் மதிப்பையும் தரவேண்டியவர் ஆசிரியராகிய நாமே. ஆண்டுதோறும் மாசி வருகின்றது. காமன் கம்பம் நடப்படுகின்றது. அடுத்த மாசிக்குள் ஒரு பாடசாலையாவது இதனைத் தொடங்குமாயின் நன்று.